உழக்கூடாத வயலை உழுதவர்

நேர்கோடு என்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் டிராக்டரின் பதிவுச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வரப்பின் இந்த முனையில் கலப்பையை இறக்கினால் அந்த முனையில் தூக்கும்வரை உழவுசால் ஒரு விரல்கடைகூட விலகாது என்பதால் ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம் அது. அவர் வாங்கிய ஒரே பட்டமும் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடே அவருக்குக் கோணலாகத்தான் வரும். "கோடு மட்டும்தான் நேரா போகும், நான் போக மாட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் தன்னைப் பற்றிச் செய்யவிருக்கும் கேலியை முந்திக்கொண்டு தானே செய்துவிடுவது அவர் வழக்கம். அதில் ஒரு வசதி இருந்தது. மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

டிராக்டர் அவருக்கு வந்த கதை பெரிய கதையில்லை. யாருடைய டிராக்டரையோ கழுவித் துடைக்கப் போனவர், துடைத்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு இறங்கவில்லை. அவ்வளவுதான். முதலில் கூலிக்கு ஓட்டினார், பிறகு பழைய வண்டி ஒன்று சொந்தமாக வந்தது. அந்த இன்ஜின் அவருக்குச் சோறும் போட்டது, காதையும் கெடுத்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, டிராக்டரிலிருந்து இறங்கிய பிறகும் கத்துவதே பேச்சாகிவிட்டது. அவர் முணுமுணுத்தால் பக்கத்து வயலில் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டு விஷயம் ஏதாவது பேச வேண்டுமென்றால் அவர் மனைவி அவரை மோட்டார் அறைக்குக் கூட்டிப்போய், மோட்டாரை ஓடவிட்டுத்தான் பேசுவாள். அப்படியும் இரண்டு மூன்று குடும்ப ரகசியங்கள் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன.

உழுத வயலைப் பார்த்தால் அவருக்கு மனசு நிறைந்துவிடும். அறுவடை முடிந்த தாளும் தட்டையும் தாறுமாறாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். முதலில் ஒரு தீக்குச்சி. எரிந்து அடங்கியதும் கலப்பை. கறுப்பும் பழுப்புமாக மண் புரண்டு விழுந்து, வயல் முழுக்கச் சால் சாலாகக் கிடக்கும்போது, இறங்கி வரப்பில் நின்று கொஞ்ச நேரம் ரசிப்பார். பேருந்தில் போகும்போதுகூட ஜன்னலோரம் உட்கார்ந்து யார் யாரோ உழுத வயல்களைப் பார்த்து, "எவன்டா இவன், குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்று திட்டிக்கொண்டே வருவார். பேருந்து முழுக்கக் கேட்கும். மனைவி தெரியாதவள் போல் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

அந்த மனைவிதான் ஒரு நாள் அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

அவளுக்கு அவள் அப்பா எழுதிவைத்த வயல் ஒன்று இருந்தது. வாய்க்காலை ஒட்டிய லேசான சரிவு, மக்காச்சோளம் போடும் நிலம். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அதை உழுதது நேர்கோடுதான். வேளாண் அலுவலகத்தில் பெண் விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்களோடு அவளும் போனாள். சாப்பாடு போடுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வருவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளோ பாடத்தைக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் நம்ம வயல்ல கலப்பை இறங்க வேண்டாங்க."

"ஏன், வித்துட்டியா?"

"உழாம விதைக்கப் போறேன். சோளத்தட்டையைக் கொளுத்தவும் வேண்டாம். அப்படியே மண்ணு மேல கிடக்கட்டும். அறுப்பு முடிஞ்சதும் நிலம் சும்மா கிடக்காம பயறு தூவி விடணும். அது வளந்ததும் அப்படியே சாய்ச்சுப் படுக்க வச்சுட்டு, அதுக்கு நடுவுல குத்தி விதை போடணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். "எதுக்கு?"

"செடி காத்துல இருக்கிற கரியை இழுத்து வேர் வழியா மண்ணுக்குள்ள சேக்குதாம். கிளறாம விட்டா அது அங்கயே தங்கும். நாம உழுது உழுது கிளறி விட்டா திரும்பவும் காத்துக்கே போயிடுது. கொளுத்தினா ஒரே நாள்ல போயிடுது. காத்துல அது சேரச் சேரத்தான் வருஷா வருஷம் இப்படி வெயில் ஏறிட்டே போகுது. மழையும் காலம் தப்பிப் பெய்யுது."

"அப்ப இத்தனை வருஷமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"கிளறிட்டு இருந்தீங்க" என்றாள் அவள்.

குத்திக்காட்டவில்லை, கோபமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது. "உலகத்துச் சூட்டையெல்லாம் குறைக்க என் பொண்டாட்டி வயலுதான் கிடைச்சுதா? என் வண்டி இன்ஜின் சூட்டையே என்னால தணிக்க முடியல!" என்று கத்தினார். மோட்டார் அறைக்கு வெளியே பேசியதால் அதுவும் ஊருக்குத் தெரிந்தது.

நிலம் அவளுடையது, முடிவும் அவளுடையது. நேர்கோட்டின் கலப்பை ஊரிலுள்ள எல்லா வயலிலும் இறங்கியது, அந்த ஒரு வயலைத் தவிர. டீக்கடைக்காரருக்கு இதைவிட நல்ல விஷயம் வேறென்ன வேண்டும்? "உலகமெல்லாம் உழுறீங்க, வீட்டு வயலுக்கு அனுமதி இல்லையாமே!" என்று கிளாஸை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். நேர்கோடு விடுவாரா? "வீட்டு வாசல்லயே செருப்பைக் கழட்டி விட்டுட்டுத்தான் உள்ள போகணும். வயல்ல கலப்பையைக் கழட்டி விட்டுட்டுப் போறேன், அதுல என்ன?" என்று எல்லோருக்கும் முன்னால் தானே சிரித்துவிடுவார். சிரித்துவிட்டு மீதி டீயை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்புவார். அந்த டீ வாயைச் சுடும்.

முதல் வருஷம் கேலி செய்தவர்களுக்கு நல்ல விளைச்சல், அவளுக்குத்தான் மோசம். களை மண்டியது. விதை பல இடத்தில் முளைக்கவே இல்லை. கம்பியை வைத்துக் குத்திக் குத்தி விதை போட்ட கையெல்லாம் கொப்புளம். நேர்கோடு வாயை மூடிக்கொண்டு இருந்ததாக நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் அசரவில்லை. பயறை வளரவிட்டாள், பூ வந்ததும் ஒரு பழைய தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதைக் கயிறு கட்டி வயல் முழுக்க உருட்டிச் சாய்த்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டிராக்டர்காரர் பொண்டாட்டி தகர டப்பா இழுக்கிறாளே" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். காது மந்தமானவருக்கும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாம் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் மழை பொய்த்து, ஊர் முழுக்க மக்காச்சோளம் இலை சுருண்டு நின்றபோது, அவள் வயலில் மட்டும் பச்சை இருந்தது. மூடாக்காகக் கிடந்த தட்டையை விலக்கி விரலை விட்டால் அடியில் ஈரம். நேர்கோடு விரலை விட்டுப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பார்த்தார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் அவர் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

இந்தப் பச்சை வேளாண் அலுவலகத்துக்கும் தெரியவந்தது. அங்கிருந்த அலுவலர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரும் இளம்பெண், நேரில் வந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பெண் விவசாயிகளைக் கூட்டிவரப்போவதாகச் சொன்னார். வயலில் குழி வெட்டி மண்ணைக் காட்டுவார்கள். மூன்று வருஷமாகக் கிளறாத மண்ணில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று சோதனைக்கும் எடுத்துப்போவார்கள். அன்றிலிருந்து அவர் மனைவிக்குத் தூக்கம் குறைந்தது. வருகிறவர்கள் பார்த்து நம்பிப் போனால் அவர்கள் வயல்களிலும் தீ எரியாது, மண்ணும் கிளறப்படாது. நம்பாமல் போனால், டிரம் உருட்டியவள் என்ற பெயரோடு அவள் காலம் தள்ள வேண்டும். இதை அவளே ஒரு நாள் சொன்னாள். "என் ஒரு வயல்ல என்னங்க ஆகிடப்போகுது? நாலு பேர் பாத்து நாப்பது பேர் ஆனாத்தான் ஆகும்."

அந்த நாற்பது பேரும் நேர்கோட்டின் வாடிக்கையாளர்கள் என்பதை அவள் யோசித்தாளா என்று தெரியாது. டீக்கடைக்காரர் யோசித்துவிட்டார்.

"நாளைக்கு ஊரே உங்க வீட்டம்மா பேச்சைக் கேட்டு உழவை நிறுத்திட்டா, வண்டியை என்ன பண்ணுவீங்க?"

"சின்னப் பிள்ளைங்க ஏறி விளையாட விட்டுடுவேன். நான் டிக்கெட் கிழிப்பேன்" என்றார் நேர்கோடு. கடையே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் கிளம்பவில்லை. பசி என்று நினைத்து ஒரு பன் வாங்கிச் சாப்பிட்டார். அது பசியில்லை.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. பயிற்சிக்காரர்கள் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பேருந்தில் ஏறுமுன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வயல் பக்கம் போய்ப் பாருங்க. பாத்தா மட்டும் போதும். ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"பாக்கிறதுக்கு நான் என்ன ஆபீசரா? சரி, பாக்கிறேன்" என்றார்.

பார்த்தார். அதுதான் வினையாகிவிட்டது. அறுப்பு முடிந்த தட்டையும், சாய்த்துக் காய்ந்த பயற்றங்கொடியும், அதற்கு நடுவே எட்டிப் பார்க்கும் களையுமாக வயல் தலை வாராத பிள்ளை போல் கிடந்தது. பத்துப் பதினைந்து ஊரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். விருந்தாளி வரும்போது யாராவது வீட்டைப் பெருக்காமல் விடுவார்களா? நேர்கோட்டின் மனைவியின் வயல் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? இது என்ன வயலா, குப்பைமேடா என்று கேட்டால் அவளுக்கு எவ்வளவு அவமானம்? அவள் வருவதற்குள் ஒரு ஓட்டு ஓட்டிவைத்தால், வந்தவர்கள் மூக்கில் விரலை வைக்க மாட்டார்களா? மூன்று வருஷம்தான் உழாமல் பார்த்தாயிற்றே, ஒரு தடவை உழுதால் என்ன கெட்டுவிடும்?

இப்படியெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாம் சத்தமாக. வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியைக் குளிப்பாட்டி, கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு முதல்முறை போகிற அப்பா மாதிரி சட்டைகூடச் சுத்தமாகப் போட்டிருந்தார். வரப்பு முனையில் நிறுத்தி, எதிர்முனை மரத்தைக் குறிவைத்து, லீவரை அழுத்தினார். கலப்பை இறங்கியது.

அப்படி ஒரு மண்ணில் அவர் உழுததே இல்லை. மற்ற வயல்களில் வண்டி முக்கி முனகும். இங்கே கலப்பையின் கொழு, வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. புரண்ட மண் கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. என் கைவண்ணம் என்று அவர் நினைத்தார். திரும்பிப் பார்த்தால் பின்னால் கொக்கும் மைனாவுமாகக் கூட்டம். வழக்கமாக நாலைந்து வரும். இன்று வானத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. நேர்கோட்டுக்குத் தலைகால் புரியவில்லை. தன் உழவைப் பார்க்கத் திருவிழாக் கூட்டமே கூடிவிட்டது போல் அவற்றுக்குக் கையசைத்தார். ஆமாம், கொக்குகளுக்குக் கையசைத்தார். பிற்பாடு இதை ஊரில் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் அவர் விடவே மாட்டார். "மனுசன் எவ்வளவு முட்டாளா இருக்க முடியும்னு தெரியணும்ல" என்பார்.

வயலில் பாதி முடிந்திருந்தது. திரும்பும் இடத்தில் கொழுவில் சிக்கிய கொடியை எடுக்க இறங்கினார். குனிந்தபோதுதான் பார்த்தார். சால் முழுக்க மண்புழு. அறுபட்டதும் அறுபடாததுமாக வெயிலில் நெளிந்தன. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினால் அதிலும் நாலைந்து. கொக்குகள் அவர் காலடிவரை வந்து, அவரைச் சட்டையே செய்யாமல் கொத்தித் தின்றன. மற்ற வயல்களில் நாலைந்து கொக்கு மட்டும் ஏன் வந்தது என்று அவருக்கு அப்போது புரிந்தது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை.

"போ! போ!" என்று கத்தினார். துண்டை வீசினார். ஒரு கொக்கு எழுந்தால் இரண்டு உட்கார்ந்தது. அவர் சாலுக்குச் சால் ஓடினார், தடுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். அவள் மூன்று வருஷமாகக் கையில் கொப்புளத்தோடு வளர்த்ததை அவை அவர் கண் முன்னால் விழுங்கிக்கொண்டிருந்தன. பந்தி வைத்தது அவர்தான்.

இன்ஜினை அணைத்தார். உழாத பாதியைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. கலப்பையை மேலே தூக்கிவிட்டு, மறுபடி கிளப்பி, வரப்போரமாகவே வண்டியை வீட்டுக்கு ஓட்டினார். போகும் வழியில் டீக்கடைக்காரர், "என்ன, அனுமதி கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். நேர்கோடு முதல்முறையாக அந்தக் கடையில் நிறுத்தாமல் ஓட்டிப் போனார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல செய்தியோடு மனைவி திரும்பி வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேதான் வயல். அவர் எதிர்கொண்டு போய்ப் பையை வாங்கிக்கொண்டார். வேறு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தார். அவ்வளவு பெரிய வயலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?

அவள் நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் வயலில் இறங்கி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள். காய ஆரம்பித்திருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"பயந்துட்டீங்களா?"

விருந்தாளி, வீடு பெருக்குவது, அவமானம் என்று அவர் வரிசையாக அடுக்கிவைத்திருந்த காரணங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. இந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அவள் கேட்டதும், டீக்கடையில் அவரைப் பன் தின்ன வைத்தது எது என்று தெரிந்துவிட்டது. நாளைக்கு யாரும் உழக் கூப்பிடாவிட்டால் இந்த ஊரில் தான் யார்? காது கேட்காத ஒரு கிழவன், ஒரு பழைய வண்டி.

"கொஞ்சம்" என்றார். வாழ்க்கையில் அவர் மெதுவாகப் பேசிய முதல் வார்த்தை. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் வீட்டை நோக்கி நடந்தாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், பேத்தியின் படத்தை போனில் காட்டினாள், பேச்சு மட்டும் இல்லை. அவர் தன்னைத்தானே கேலி செய்து பார்த்தார். கொக்குக் கதையை நடித்தே காட்டினார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற அவருடைய பழைய வித்தை வீட்டுக்குள் பலிக்கவில்லை.

ஆட்கள் வருவதற்கு முந்தைய நாள் பிற்பகல் மழை கொட்டியது. இப்போதெல்லாம் பெய்கிறதே, மாதக்கணக்கில் ஏமாற்றிவிட்டு ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கும் மழை, அது. மறுநாள் காலை வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். அலுவலர் பூட்ஸோடு முன்னால் நடந்தார். வரப்பில் ஏறியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

வயல் இரண்டாகக் கிடந்தது. உழுத பாதியில் மேல்மண் அடைத்து, அப்பளம் போல் படிந்திருந்தது. பள்ளங்களில் கலங்கல் தண்ணீர் தேங்கி நின்றது. அழகாகக் கீறிய சால்கள் வழியாக மண் கரைந்து சரிவில் ஓடி, வாய்க்காலே சேற்று நிறமாகியிருந்தது. சால்கள் நேராக இருந்ததால் மண்ணும் நேராகவே ஓடியிருந்தது. உழாத பாதியில் தட்டையின் மேல் நாலு துளி மின்னியது, அவ்வளவுதான். பெய்த மழையை அது குடித்துவிட்டிருந்தது.

அலுவலருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அடடா! பாதியை உழுது வச்சு, பாதியை அப்படியே விட்டிருக்கீங்களே! நாங்க வருஷக்கணக்கா வகுப்பெடுத்தாலும் இப்படிக் காட்ட முடியாதே. இது யாரோட யோசனைங்க?"

கேள்வி நேர்கோட்டின் மனைவியிடம். அவள் என்னுடையது என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். காட்டிக்கொடுத்திருந்தாலும் முடிந்திருக்கும். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசனையெல்லாம் இல்லைங்க. யோசிக்காம செஞ்சது. நான்தான் கெடுத்தேன்" என்றார் நேர்கோடு. வழக்கமான குரலில்தான் சொன்னார். வேனில் இருந்த டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

அவர் அப்படிச் சொன்னதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருடைய வயலில் அவர் ஓட்டியிருக்கிறார். அலுவலர் சமாளித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் குழி வெட்டச் சொன்னார். உழாத பக்கத்து மண்ணைக் கையில் கொடுத்தார். கறுப்பாக, நூல் நூலாக வேரோடு இருந்தது. "இந்தக் கறுப்புலதான் காத்துல இருந்து வந்த கரி இருக்கு. இது ஒரு வயல். இந்த மாதிரி ஊர் ஊரா சேர்ந்தா அது சின்ன விஷயம் இல்ல" என்றார். உழுத பக்கத்தில் எவ்வளவு போயிற்று என்று ஒருத்தி கேட்டாள். எல்லாமே போய்விடவில்லை, ஒரு தடவைதானே என்றார் அலுவலர். இனிமேல் விட்டுவிட்டால் திரும்பக் கட்டிக்கொண்டு வரலாம், ஆனால் நாளாகும். "நாளாகும்" என்றபோது நேர்கோடு தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையில் நரை ஏறியிருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பிறகு அலுவலருக்கு ஒரு யோசனை வந்தது. "இந்தப் பாதியை ஒவ்வொரு வருஷமும் இப்படியே உழுதுட்டு வந்தா என்ன? பக்கத்துல பக்கத்துல வச்சு எல்லாருக்கும் காட்டலாம். பலகை வைக்கலாம். சோதனைக்கும் ரொம்ப உதவியா இருக்கும்."

"உழுறவர் அவர்தான். அவரையே கேளுங்க" என்றாள் மனைவி, அலுவலரிடம்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அந்த வயலில் கலப்பையை இறக்க மாட்டோமா என்று மூன்று வருஷம் ஏங்கிக் கிடந்தவர். இப்போது அரசாங்கமே கூப்பிடுகிறது, பலகை வைத்துக் கூப்பிடுகிறது. டீக்கடைக்காரர் முகத்தில் கரி பூச இதைவிட வேறு சந்தர்ப்பம் வராது.

"மாட்டேங்க" என்றார்.

"ஒப்பிட்டுப் பாக்கத்தானே..."

"ஒப்பிட்டுப் பாக்கணும்னா ஊர் பூரா நான் ஓட்டின வயல்தான் கிடக்குது. எதை வேணா பாத்துக்கோங்க. இதுல மட்டும் ஓட்ட மாட்டேன். இனிமே அந்த டிரம்மை நான் இழுக்கிறேன்."

கூட்டத்திலிருந்து ஒருத்தி, அவர் வருஷாவருஷம் உழுதுகொடுக்கும் வயல்காரி, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப எங்க வயலுக்கு வர மாட்டீங்களாண்ணே? அடுத்த மாசம் விதைக்கணும்."

நேர்கோடு திகைத்தார். மாட்டேன் என்று சொல்ல வீறாப்பு இருந்தது, வருவேன் என்று சொல்ல வயிறு இருந்தது.

"கூப்பிட்டா வருவேன்மா. எனக்கு வேற பொழப்பு தெரியாது" என்றார். பிறகு, "கூப்பிடாம இருக்கப் பாரு" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெண்கள் சிரித்தார்கள். கேட்டவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மண்ணை முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

மனைவி வரப்பில் ஏறி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"வாங்க" என்றாள் அவரிடம். "வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வரணும்."